நீல எல்இடி மட்டும் போதாது: ஏரிப் பாசியை அளக்கக் கையடக்கக் கருவி

பெங்களூரின் அல்சூர், ஹெப்பாள் ஏரித் தண்ணீரில் பாசியை அளக்க மலிவாகக் கருவி செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு நீல எல்இடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பச்சையம் 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை உறிஞ்சி 685 அருகே சிவப்பாக ஒளிரும் என்பது சரிதான். ஆனால் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் ஏரியில் படர்வது பல நேரம் மைக்ரோசிஸ்டிஸ், அதாவது நீலப்பச்சைப் பாசி. ஒளிச்சேர்க்கைக்காகச் செல்லுக்குள் ஒளியை வாங்கும் அமைப்புகள் இரண்டு; அதன் பச்சையத்தில் பெரும்பகுதி முதலாம் ஒளித்தொகுதி என்ற அமைப்பில் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அது அநேகமாக ஒளிர்வதே இல்லை. கண்ணுக்குத் தண்ணீர் பச்சை; மீட்டரில் எண் குறைவு. நச்சு சுரக்கக்கூடிய பாசிதான் இப்படித் தப்பிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, 600 நானோமீட்டர் அளவில் ஆரஞ்சு எல்இடி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துவது. நீலப்பச்சைப் பாசியிலுள்ள ஃபைகோசயனின் என்ற நீல நிறமி அந்த ஒளியை வாங்கி இரண்டாம் ஒளித்தொகுதிக்குக் கொடுக்கும்; ஒளிர்வு அதே 685 அருகே வரும். ஆகவே சென்சாரும் அதன் ஃபில்டரும் ஒன்றே போதும். இரண்டு எல்இடிகளையும் மாறி மாறி எரியவிட்டு, ஆரஞ்சு அளவை நீல அளவால் வகுங்கள். பச்சைப் பாசியான குளோரெல்லாவுக்கு விகிதம் தாழ்வாகவும் நீலப்பச்சைப் பாசியான ஸ்பைருலினாவுக்கு உயர்வாகவும் வந்தால் கருவி சரி.

ஒளியை வோல்ட்டாக மாற்றும் ஓபிடி101 சென்சார், அந்த வோல்ட்டை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115, எல்லாவற்றையும் இயக்கும் அர்டுயினோ நானோ போர்டு எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும் சரக்கு. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஃபில்டர். மேடை விளக்குக்குப் போடும் சிவப்புத் தாள் நீலத்துக்கு ஓரளவு தாங்கும்; ஆரஞ்சு ஒளியையோ தாராளமாக உள்ளே விட்டுவிடும். சென்சார் முன் 665-க்கு மேல் மட்டும் விடும் கண்ணாடி ஃபில்டரும், ஆரஞ்சு எல்இடி முன் 650-க்கு மேல் தடுக்கும் ஃபில்டரும் வேண்டும். சோதனை எளிது: தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு அளந்து பாருங்கள். ஆரஞ்சு அளவு எகிறினால் அது சிதறிய ஒளி. சேற்றுத் தண்ணீரையும் அந்தக் கருவி பாசி என்றே சொல்லும்.

சென்சார் எல்இடிக்குச் செங்குத்தாக இருக்கட்டும்; தண்ணீரை ஊற்றி அளக்க, நான்கு பக்கமும் தெளிவான க்யூவெட் என்ற சிறு சதுரக் குப்பி வாங்குங்கள். எல்இடிக்கு எல்எம்317 என்ற ரெகுலேட்டர் சிப்பும் 62 ஓம் ரெசிஸ்டரும் போட்டால் 20 மில்லிஆம்பியர் நிலையாக ஓடும். 9 வோல்ட் பேட்டரி 7-க்குக் கீழே இறங்கினால் நீல எல்இடி மங்கத் தொடங்கும். ஆரஞ்சு அவ்வளவு சீக்கிரம் மங்காது, அதனால் விகிதம் பொய் சொல்லும். இருட்டிலும் ஓபிடி101 சுமார் 7.5 மில்லிவோல்ட் காட்டும், அது பழுதல்ல. 100 மில்லிசெகண்ட் எரியவிட்டு, 100 மில்லிசெகண்ட் அணைத்து, எரிந்தபோது வந்த சராசரியிலிருந்து அணைந்தபோது வந்த சராசரியைக் கழித்தால் அது போய்விடும். நம் ஊர் மின்விளக்குகளின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பும் அதிலேயே அடங்கும். 3டி பிரின்ட் பெட்டியின் மெல்லிய சுவர் வெயிலில் ஒளியைக் கசியவிடும். சுவரைத் தடிமனாகப் பிரின்ட் செய்து, உள்ளே மங்கலான கறுப்புப் பூசுங்கள்.

மைக்ரோசிஸ்டிஸ் மேலே மிதந்துவிடும் என்பதால் அளக்கும் முன் பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். உச்சி வெயிலில் எடுத்த தண்ணீர் குறைவாக ஒளிரும். ஒவ்வொரு முறையும் ஒரே நேர அளவு, 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, இருட்டில் வையுங்கள். பாசி அடர்த்தியாக இருந்தால் பாதிக்குப் பாதி நீர் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். எண் பாதியாகாவிட்டால், முன்பு வந்த அளவை நம்ப முடியாது. பாதியாக இறங்கும்வரை நீர்க்கச் செய்யுங்கள்.

லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுத வேண்டுமானால், அதே ஏரித் தண்ணீரை வடிகட்டி, 90 சதவீத அசிட்டோனில் பச்சையத்தைப் பிரித்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து ஒப்பிட வேண்டும். அல்சூருக்கு எடுத்த கணக்கை ஹெப்பாளுக்குப் போடாதீர்கள். பாசியின் வகை மாறினால் கணக்கும் மாறும்.