காட்டை யாரும் வெட்டவில்லை, ஆனாலும் குஞ்சுகள் சாகின்றன

ஒரு பறவையினம் அழிகிறது என்றதும் எல்லாரும் என்னிடம் கேட்பது, "காட்டை அழிச்சிட்டாங்களா?" என்றுதான். கூடுகளையும் குஞ்சுகளையும் பார்க்கிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன், சில நேரம் மரம் நன்றாகத்தான் நிற்கும், கோளாறு கூட்டுக்குள்ளே இருக்கும்.

ஈக்வடாரின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில், இசபெலா தீவின் வடமேற்குக் கரையில் வாழும் அலையாத்திக் குருவியையே பாருங்கள். பரிணாமத்தை விளக்கிய டார்வினின் பெயரால் இந்தத் தீவுகளின் குருவி வகைகளை டார்வின் குருவிகள் என்கிறோமே, அவற்றில் மிக அரிதானது. மிஞ்சியிருப்பவை சுமார் 100, அதுவும் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே சுமார் 30 ஹெக்டேர் அலையாத்திக் காட்டில். பக்கத்து ஃபெர்னாண்டினா தீவில் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. கடல் நேரே உள்ளே வந்து அடித்துக்கொண்டு போகாத காடு என்பதால் உதிர்ந்த இலை அப்படியே மண்டிக் கிடக்கும். அதைக் கிளறியும் பட்ட கிளையைக் கொத்தியும் இந்தக் குருவி புழு பூச்சி தேடும்.

முதல் எதிரி, கப்பலேறி வந்த கருப்பு எலி. 2007 முதல் அதை அடக்கி வைத்திருக்கிறார்கள், சரி. அப்புறமும் குஞ்சுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. காரணம் ஃபிலோர்னிஸ் டவுன்சி என்ற ஈ, இதுவும் வந்தேறிதான். வளர்ந்த ஈ பழச்சாறு குடித்துக்கொண்டு சாதுவாகத் திரியும், முட்டையை மட்டும் குருவிக் கூட்டில் இட்டுவிட்டுப் போகும். புழுக்கள் பகலில் கூட்டின் அடியில் பதுங்கியிருந்து ராத்திரியில் மேலேறிக் குஞ்சின் ரத்தத்தை உறிஞ்சும், பொடிப்புழுக்கள் மூக்குத் துளைக்குள்ளேயே புகுந்துவிடும். தப்பிப் பிழைத்த டார்வின் குருவிகள் சிலவற்றின் அலகில் அந்தத் துளை கோணலாக அகன்று கிடப்பதைப் பார்த்தாலே குஞ்சுப் பருவத்தில் என்ன பட்டிருக்கும் என்று தெரிந்துவிடும்.

2014இல் முட்டைகளை எடுத்துச் சென்று சாண்டா குரூஸ் தீவில் உள்ள சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தில் பொரிக்க வைத்து, முட்டைப் பொரியல், பப்பாளி, விட்டில்பூச்சி என்று ஊட்டி வளர்த்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். உயரமான கிளைகளில் இருக்கிற கூடுகளின் அடியில் பூச்சிமருந்து செலுத்துவதும் நடக்கிறது. என்னைக் கேட்டால் இதெல்லாம் முதலுதவிதான், ஈ ஒழியாமல் தீராது. அந்த ஈயைத் தாக்கும் ஒரு குளவியை வைத்து நடக்கும் ஆராய்ச்சியைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன்.

அதுவரை, தீவுகளுக்குப் போகிறவர்களே, பையில் பழம், விதை, செடி எதுவும் வேண்டாம், செருப்பில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டே கிளம்புங்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள், ஒரு ஈ உள்ளே போய்ப் பெருகிவிட்டால் அப்புறம் அதைத் திருப்பி அனுப்ப வழியே இல்லை.