பயிர்க் காப்பீட்டு ரசீதைப் படித்துப் பார்த்தீர்களா?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. காப்பீட்டுத் தொகையில் காரீஃப் என்னும் மழைக்காலப் பயிருக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபி என்னும் குளிர்காலப் பயிருக்கு 1.5 சதவீதம், பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும். மீதியை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. முன்னுரை இவ்வளவு போதும். பணம் கட்டியவர்களுக்கே இழப்பீடு ஏன் வராமல் போகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

பெரும்பாலான இழப்புகளில் உங்கள் வயலைத் தனியாக யாரும் அளப்பதில்லை. நெல் போன்ற முக்கியப் பயிருக்குக் கிராமத்தை ஓர் அலகாக எடுத்து, அதில் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். பெரும்பாலும் அந்தச் சராசரிதான் ஊர் முழுவதற்கும் கணக்கு. ஒரு பேச்சுக்கு, உங்கள் கிராமத்துக்கு உத்தரவாத மகசூல், அதாவது இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு என்று வைத்த அளவு, ஏக்கருக்கு 1,000 கிலோ, சோதனையில் கிடைத்தது 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு 20 சதவீதம். காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றால் இழப்பீடு 6,000 ரூபாய். ஊர் சராசரி ஆயிரத்தைத் தொட்டுவிட்டால், உங்கள் வயலில் ஒரு மணிகூட மிஞ்சாவிட்டாலும் இந்தக் கணக்கில் உங்களுக்குப் பூஜ்யம்தான். ஆகவே பயிர் அறுவடைப் பரிசோதனை உங்கள் ஊரில் என்றைக்கு, எந்த வயலில் நடக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். நடக்கும்போது நாலு பேர் போய் நில்லுங்கள். எடை போடுவதைப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

பாதிப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற உதவி எண்ணுக்குச் சொன்னால் பணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லாச் சேதத்துக்கும் அது பொருந்தாது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற ஓரிடத்துச் சேதத்துக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் அதற்கும்தான் தனிவயல் ஆய்வு. அதுவும் உங்கள் மாவட்ட அறிவிக்கையில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும். போன் செய்தால் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். எண் இல்லாவிட்டால் நீங்கள் பேசவே இல்லை என்பார்கள்.

அதிகம் பேர் அடிபடுவது காப்பீட்டுப் பதிவில்தான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும். அதற்கு விஏஓவைப் பிடிக்க வேண்டும். இன்று வேறு கிராமத்தில் இருக்கிறார், நாளை தாலுகாவில் மீட்டிங் என்று நாள் போகும். கடைசி வாரத்தில் சர்வர் முடங்கும். விதைத்த கையோடு சான்று கேளுங்கள். பொதுச் சேவை மையத்தில் பிரீமியம் தவிரச் சேவைக் கட்டணம் எதுவும் நீங்கள் தர வேண்டியதில்லை.

ரசீது கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். வருவாய் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு. ஒரே தாலுகாவில் ஒரே மாதிரிப் பெயருள்ள கிராமங்கள் உண்டு. மேல், கீழ் என்ற ஒரு சொல் மாறினால் உங்கள் பிரீமியம் அடுத்த ஊர்க் கணக்கில் உட்காரும். அந்த ஊருக்கு இழப்பீடு இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை. ஏக்கரை ஹெக்டேராக மாற்றும்போதும் தப்பு வருகிறது: ஒரு ஏக்கர் என்றால் 0.40 ஹெக்டேர், அதையும் சரிபாருங்கள். ஒரே நிலத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு தடவை, மையத்தில் ஒரு தடவை என்று பதிவு போடக் கூடாது.

பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு 2020 காரீஃபிலிருந்து காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்று கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி பிரீமியத்தைப் பிடித்துவிடும். பிடித்த பணத்துக்குப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிடித்துவிட்டு இணையத்தில் ஏற்றாமல் விட்டாலோ தப்பாக ஏற்றினாலோ பொறுப்பு வங்கியுடையது. திட்ட விதி அப்படித்தான் சொல்கிறது. மேலாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

குத்தகைக்காரருக்கும் இந்தத் திட்டத்தில் உரிமை உண்டு. காகிதத்தில்தான் உண்டு என்பது என் கோபம். பயிர்ப் பதிவில் குத்தகைக்காரர் பெயர் ஏறினால், நாளைக்கு 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தைக் காட்டி நிலத்தில் உரிமை கேட்பாரோ என்று உரிமையாளர் பயப்படுகிறார். அதனால் எழுத்து கிடையாது, அடங்கலில் பெயர் கிடையாது. உழுது நட்டு மூழ்கக் கொடுத்தவர் கரையில் நிற்க, இழப்பீடு பட்டாதாரர் கணக்குக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். முழு ஒப்பந்தம் கிடைக்காவிட்டாலும், இந்தப் பருவத்துக்கு இந்த சர்வே நம்பரில் இவர் சாகுபடி செய்கிறார் என்று ஒரு சம்மதக் கடிதமாவது விதைப்புக்கு முன் வாங்கப் பாருங்கள். நட்ட பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பணம் வரவில்லையென்றால் வாய்மொழியாகக் கேட்டு அலைய வேண்டாம். வங்கி காப்பீட்டு நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் வேளாண் துறையைக் காட்டும், துறை வங்கியைக் காட்டும். வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூலையும் சோதனை மகசூலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் ரசீது நகலையும் சேர்த்து மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். திட்டத்தின் மாவட்டக் குறைதீர்க் குழுவுக்கும் அவரே தலைவர். மனு எண் எழுதித் தரும்வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள்.