தள்ளாட்டத்தின் இயற்பியல்: சீனாவின் போதைச் சண்டைமுறை

சீனத் தற்காப்புக் கலைகளில் புலி, நாரை, குரங்கு, கும்பிடுபூச்சி ஆகியவற்றின் அசைவுகளைத் தழுவிய முறைகள் பல உண்டு. அவற்றுக்கு நடுவே, குடித்துவிட்டுத் தள்ளாடும் மனிதனின் அசைவுகளைத் தழுவிய ‘ட்சுவெய் ச்சுவான்’ என்ற முறையும் இருக்கிறது. 1978-இல் வெளிவந்த ஜாக்கி சானின் ஹாங்காங் படம் இதை உலகறியச் செய்தது; கூடவே, மது உள்ளே போனால்தான் இந்த வித்தை பலிக்கும் என்ற தவறான எண்ணத்தையும் பரப்பிவிட்டது. உண்மையில் இந்த முறைக்குத் தேவைப்படும் உடற்கட்டுப்பாடு முழுவதையும் மது முதலில் குலைத்துவிடும்.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழாக வரையும் கோடு, இரு பாதங்களும் சூழ்ந்த பரப்புக்குள் விழும்வரை அவன் சாய்வதில்லை. மற்றச் சண்டைமுறைகள் கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அந்தக் கோட்டை உள்ளேயே காத்துக்கொள்கின்றன. போதைமுறை வீரரோ அதை வேண்டுமென்றே வெளியே தள்ளுகிறார். உடல் முதலில் சரிகிறது. விழப்போகும் கடைசிக் கணத்தில் கால் குறுக்கே வந்து ஊன்றுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஈர்ப்பு மையம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்தால் சுமார் 118 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அது முழுவதும் கைக்குப் போய்ச் சேராது. ஆனாலும் சரிவின் வேகத்தை இடுப்பின் சுழற்சியோடு இணைக்கத் தெரிந்தவருக்கு, தசை தரும் விசைக்கு மேல் உடலின் எடையும் அடியில் சேருகிறது.

எதிராளியின் பக்கம் நடப்பதும் கவனிக்கத்தக்கது. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை எதிர்வினை காட்டச் சுமார் 0.2 நொடி ஆகும் என்பதால், தேர்ந்த சண்டைக்காரர்கள் அடி கிளம்பும்வரை காத்திராமல், தோள் திரும்புவதையும் இடுப்பு அசைவதையும் வைத்தே அடுத்து வருவதைக் கணிக்கிறார்கள். இடைவிடாது ஊசலாடும் உடலில் எந்த அசைவு அடிக்கு முன்னோடி, எது வெறும் தள்ளாட்டம் என்று பிரிப்பது கடினம். கிண்ணம் ஏந்தியதுபோலக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து, மற்ற மூன்று விரல்களை மடக்கி வைத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற கை முத்திரையும் இப்படித்தான்: குடிப்பதற்காக வாயருகே உயர்வதாகத் தோன்றும் கை, மணிக்கட்டின் முதுகால் தாடையைத் தாக்கும், அல்லது அந்த இரு விரல்களின் இடைவெளியால் தொண்டையைப் பற்றும்.

இந்த முறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது வீழ்ச்சிதான். தரையில் மோதும் விசை, மோதல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பவற்றைப் பொறுத்தே காயமாகிறது. அதனால் பயில்பவர்கள் மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, மூச்சை வெளியே விட்டபடி உருளக் கற்கிறார்கள். விறைத்த கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

இனி மதுவுக்கு வருவோம். உட்செவியின் அரைவட்டக் குழல்களில் தலையின் சுழற்சியை உணரும் ‘கூப்புலா’ என்ற பாகு போன்ற உறுப்பு உள்ளது. அது தன்னைச் சூழ்ந்த திரவத்தின் அடர்த்தியையே கொண்டிருப்பதால் ஈர்ப்பு விசை அதை அசைப்பதில்லை. இரத்தம் வழியாக மது முதலில் கூப்புலாவை எட்டி அதை இலேசாக்குகிறது. அப்போது படுத்தவனுக்கு, சுழலாத அறை சுழல்வதாகத் தோன்றும். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும் மந்தமடைவதால், ஊன்ற வேண்டிய கால் தாமதமாகவே வரும். சரிந்த உடலைக் காப்பாற்றக் கடைசிக் கணம் மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு முறையில், அந்தத் தாமதம் எலும்பு முறிவில் முடியும். ‘உருவில் போதை, உள்ளத்தில் இல்லை’ என்று சீனப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான். இன்றைய வூஷு (சீனத் தற்காப்புக் கலை விளையாட்டு) போட்டிகளில் இதை ஆடிக் காட்டுபவர்கள், மல்லாந்து கிடந்த நிலையிலிருந்து கை ஊன்றாமல் துள்ளி எழுவதற்கே ஆண்டுக்கணக்கில் முதுகையும் வயிற்றையும் உரமேற்றுகிறார்கள்.