சொல் விளக்கம்: அமெச்சூர் கவிஞர் கத்துக்குட்டி அல்லர்

இணையத்தில் கவிதை எழுதிப் பகிர்ந்துகொள்ளும் குழு ஒன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற வாரம் அதன் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்தது: ‘கத்துக்குட்டிக் கவிஞர்கள் தங்கள் படைப்புகளை இங்கே பகிரலாம்.’ எழுதியவருக்குத் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த ‘அமெச்சூர்’ என்ற சொல்லைத் தமிழாக்கியிருக்கிறார். ஆனால் இந்தத் தமிழாக்கத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கட்டுரைகளில், துணுக்குச் செய்திகளில், மொழிபெயர்ப்பு நூல்களில், எங்கே அமெச்சூர் வந்தாலும் அங்கே கத்துக்குட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். அமெச்சூர் பிரெஞ்சுச் சொல். அதன் தாய் இலத்தீனின் ‘அமாத்தோர்’. அதற்கும் வேர் ‘அமாரே’, நேசித்தல். நேசிப்பவர் என்பதே சொல்லின் பொருள். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் ஒரு கலையை விரும்பிக் கைக்கொள்பவர் என்றுதான் அதற்குப் பொருள். அதை வைத்துப் பிழைப்பு நடத்தாதவர் என்ற பொருள் அடுத்துச் சேர்ந்தது. அரைகுறையாகச் செய்பவர் என்ற இளக்காரம் பின்னால் ஒட்டிக்கொண்ட அழுக்கு. நம்மவர்கள் அழுக்கை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, சொல்லை விட்டுவிட்டார்கள்.

கத்துக்குட்டி என்பதில் ‘கத்து’ என்பது ‘கற்று’ என்பதன் பேச்சு வடிவம். நேற்று நேத்து ஆவதுபோல, காற்று காத்து ஆவதுபோல. இப்போதுதான் கற்கத் தொடங்கிய சிறுவன் என்பது பொருள். ‘குட்டி’யைத் தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதில் ஒன்றாக வைக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆக, கத்துக்குட்டி என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் ஒன்றையே சொல்கின்றன: இவர் இன்னும் வளரவில்லை. விளையாட்டுப் பக்கங்களைப் பாருங்கள். உலகக் கோப்பைக்குப் புதிதாக வந்த அணி எதுவானாலும் ‘கத்துக்குட்டி அணி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். அந்த அணியில் ஆடுபவர்கள் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்டக்காரர்களாகவே இருந்தாலும் அதே தலைப்புத்தான். அதில் பிழை இல்லை. கத்துக்குட்டி என்பது அனுபவக் குறைவைச் சொல்லும் சொல், அங்கே அதையே சொல்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கூடக் கத்துக்குட்டியாக இருக்கலாம் என்றால், கத்துக்குட்டியும் அமெச்சூரும் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 1912-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பெண்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றவர் அமெரிக்க வீரர் ஜிம் தோர்ப். அடுத்த ஆண்டே அந்தப் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். முன்பு பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் பணம் வாங்கியிருந்தார், ஆகவே அவர் அமெச்சூர் அல்லர் என்பது காரணம். அந்தக் காலத்து ஒலிம்பிக் விதிப்படி அமெச்சூர்கள் மட்டுமே போட்டியிடலாம். இந்தச் செய்தியைக் கத்துக்குட்டி போட்டு மொழிபெயர்த்துப் பாருங்கள்: ‘அவர் கத்துக்குட்டி அல்லர் என்பதால் பதக்கங்கள் பறிக்கப்பட்டன.’ உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் தாண்டுபவர்களும் கூடிய இடத்தில் எல்லாரும் கத்துக்குட்டிகளாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாகப் படிப்பவர் நினைப்பார். வில்லியம் ஹெர்ஷல் 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தபோது அவருடைய பிழைப்பு இசை. வானத்தைப் பார்த்தது விருப்பத்தால். தொலைநோக்கியின் ஆடியைத் தானே வார்த்து, தானே தேய்த்து, இரவிரவாகப் பார்த்தவர். அவரைக் கத்துக்குட்டி வானியலாளர் என்று எழுதினால், எழுதுகிற கை கூச வேண்டும்.

பிழை எங்கே இருக்கிறது என்றால், இரண்டு வேறு அளவைகளை ஒன்றாக்கியதில் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது ஓர் அளவை. எதற்காகச் செய்கிறார் என்பது இன்னோர் அளவை. அமெச்சூர் இரண்டாவதைச் சொல்லும் சொல். கத்துக்குட்டி முதலாவதைச் சொல்லும் சொல்.

எங்கள் குழுவிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். ஒருவர் தாம் எழுதிய முதல் வெண்பாவை இட்டிருந்தார். அதில் ஓர் இடத்தில் ‘மழைத்துளி விழுந்ததும்’ என்று வந்தது. ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே அங்கே ஏதோ இடறுகிறது என்று தெரியும். கால் மணி நேரத்துக்குள் இன்னொரு நண்பர் பதில் எழுதினார்: “மழைத்துளி கருவிளம். விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும். விழுந்ததும் நிரையில் தொடங்குகிறது, அதனால் தளை தட்டுகிறது. வீழ்ந்ததும் என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் படிமம் மிக நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.” யாப்பு அறியாதவர்களுக்காக: மெய்யெழுத்தை விட்டுப் பார்த்தால், ஒரே எழுத்தாலான அசை நேர், குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தது நிரை. இரண்டு நிரை சேர்ந்த சீர் கருவிளம், நிரையில் முடிவதால் அது விளச்சீர். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை தளை. இரண்டு குறில் போய் ஒரு நெடில் வந்தது, அடி சரியாக நின்றது. திருத்திய நண்பர் பகலில் கணக்கு எழுதிப் பிழைப்பவர். முப்பது ஆண்டுகளாக மரபுக்கவிதை எழுதுகிறார், ஒரு காசும் வாங்கியதில்லை, ஒரு தொகுப்பும் போட்டதில்லை. ஆங்கிலக் கணக்குப்படி இருவருமே அமெச்சூர்கள். இவர்களில் கத்துக்குட்டி என்று சொல்லத்தக்கவர் அந்த முதல் வெண்பாக்காரர் ஒருவர்தான். அவரையும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு யாப்புப் பழகியவரை முகப்பில் கத்துக்குட்டி என்று எழுதி வைத்து வரவேற்பது அவமதிப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சார்பில் நான் சொல்கிறேன்.

பிழைப்பு வேறாக இருப்பதைத் தமிழ் எப்போது குறைவாக எண்ணியது? சங்கப் புலவர்களின் பெயர்களைப் படித்தாலே போதும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: துணி வணிகர். உறையூர் மருத்துவன் தாமோதரனார். தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: தானியம் விற்றவர். வெண்ணிக் குயத்தியார் பானை வனையும் குடியைச் சேர்ந்தவர். வென்ற கரிகாலனைப் பார்த்து, வடக்கிருந்த (உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட) பகைவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்ட அவர் பாட்டு புறநானூற்றில் 66-ஆவதாக நிற்கிறது. பரிசில் பெற்றே வாழ்ந்த புலவர்களும் இருந்தார்கள், பாணரும் பொருநரும் கூத்தரும் இருந்தார்கள். ஆனால் தொகுத்தவர்கள் இவர்களை எல்லாம் ஒரே நூலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காகப் பிரித்தபோதும் பார்த்தது பாடும் திறத்தைத்தான், பாடுபவர் எதைக் கொண்டு வயிறு வளர்க்கிறார் என்பதை அல்ல.

வேறு தமிழாக்கங்களும் உலவுகின்றன. ‘பொழுதுபோக்குக் கவிஞர்’ என்கிறார்கள். ஒரு சொல்லுக்காக மூன்று இரவு தூங்காமல் கிடப்பவரிடம் போய், நீ பொழுதுபோக்குகிறாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘வளரும் கவிஞர்’, ‘இளங்கவிஞர்’ இரண்டும் கத்துக்குட்டிக்குப் புதுச் சட்டை போட்டவை. எழுபது வயதில் ஓய்வு பெற்று எழுத வருபவரை இளங்கவிஞர் என்பது அவரையும் தமிழையும் ஒருசேரக் குழப்புவது. ‘தொழில்முறை அல்லாத கவிஞர்’ பொருளளவில் சரி. ஆனால் ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி அவருக்குப் பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மேலும், கவிதை மட்டுமே எழுதிச் சோறு உண்பவர்கள் எந்த மொழியிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்தச் சிலரை நடுவில் நிறுத்தி, மீதி எல்லாரையும் ‘அல்லாதவர்’ ஆக்குவது தலைகீழ்.

‘பயில்முறை’யை அப்படி எளிதில் தள்ள முடியாது. நாடகத்துறையினர் அதை நன்றாக வேரூன்றச் செய்திருக்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை போன்றவற்றைப் பயில்முறை நாடகக் குழுக்கள் என்கிறார்கள். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் விரும்பி நடித்த சபை அது. பயிலுதலுக்கு நெருங்கிப் பழகுதல் என்ற பழைய பொருள் உண்டு. ‘பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்று குறள் சொல்லும்போது அந்தப் பொருள்தான். அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இன்று பயிலுதல் என்றால் படித்தல், பயிற்சி பெறுதல். ‘பயில்முறைக் கவிஞர்’ என்றால் யாரிடமோ பயிற்சியில் இருப்பவர் என்றே தோன்றும். நாடகத்தில் நிலைத்துவிட்டது, அங்கே இருக்கட்டும். கவிதைக்கு அதை இழுத்து வர வேண்டாம்.

நான் முன்வைக்கும் சொல் புதியதன்று. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்த குறள். இதில் ஆர்வலர் யார்? அன்புடையவர். பரிமேலழகர் உரையும் அப்படித்தான் செல்கிறது. அமாத்தோர் என்று இலத்தீன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து வள்ளுவர் தமிழில் வைத்துவிட்டார். ஆர் என்ற வேரில் நிறைதலும் நுகர்தலும் இருக்கின்றன. மனம் ஒன்றால் நிறைந்து கிடப்பதே ஆர்வம். ஆனால் ‘கவிதை ஆர்வலர்’ என்று அப்படியே எடுத்துவைக்க முடியாது. சமூக ஆர்வலர், சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டன. கவிதை ஆர்வலர் என்றால் கவிதையை விரும்பிப் படிப்பவர் என்றே கொள்வார்கள், எழுதுபவர் என்று கொள்ளமாட்டார்கள். எனவே கவிஞரை முன்னிறுத்தி ‘ஆர்வக் கவிஞர்’ என்று சொல்லலாம். கவி வடசொல் என்று தயங்குபவர்கள் ‘ஆர்வப் பாவலர்’ என்று எழுதட்டும். எனக்கு அதிலும் மகிழ்ச்சிதான், ஆனால் கவிஞரை வெளியே தள்ளுவது என் நோக்கம் அன்று. தூய்மையைவிடத் தெளிவு எனக்கு முக்கியம்.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “ஆர்வக்கோளாறு என்று ஒரு வழக்கு இருக்கிறதே, அது நினைவுக்கு வராதா?” என்றார். வரலாம். அந்தத் தொடரில் குறை கோளாறில் இருக்கிறது, ஆர்வத்தில் இல்லை. மூளைக்கோளாறு என்று ஒரு தொடர் இருப்பதால் மூளையை யாரும் பழிப்பதில்லை.

ஆர்வம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி, ‘அன்புஈனும் ஆர்வம் உடைமை அதுஈனும் நண்பென்னும் நாடாச் சிறப்பு’ என்று வருகிறது. தன்னைச் சேர்ந்தவர்மேல் வைத்த அன்பு மற்றவர்மேலும் விருப்பமாக விரிகிறது. அந்த விருப்பம் நட்பாகிறது. முகம் பார்த்திராத ஒருவருடைய முதல் வெண்பாவை எடுத்துவைத்து, சீர் பிரித்து, தளை பார்த்து, ‘படிமத்தைத் தொடாதீர்கள்’ என்று எழுதியவர் செய்தது இதைத்தான். பாட்டின்மேல் வைத்த அன்பு பாடியவர்மேலும் பரவியிருக்கிறது. இணையத்தில் ஆர்வக் கவிஞர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதைச் சொல்ல இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. கத்துக்குட்டி என்ற சொல்லில் இதில் ஒரு துளியும் இல்லை.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள மனக்குறை இது ஒன்றில் மட்டும் அல்ல. அகராதியில் எதிரே கிடக்கும் முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சொல் யாரைப் பற்றிப் பேசுகிறது, அவர் இதைப் படித்தால் எப்படி உணர்வார் என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை. விமரிசனம் என்று எழுத வேண்டிய இடத்தில் குற்றம் கண்டுபிடித்தல் வருகிறது. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் பின்னூட்டம் அளியுங்கள் என்று வருகிறது. பின்னூட்டம் பொறியியலில் இருக்கட்டும், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஒருவர் கவிதையைப் படித்த இன்னொருவர் சொல்வது கருத்து. அதற்குப் பழைய, எளிய, எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது எதற்காகப் புதிதாக ஒன்று?

வானியலுக்கும் இதே முறையில் ஆர்வ வானியலாளர் என்று வைக்கலாம். ஒளிப்படத்துக்கு ஆர்வ ஒளிப்படக் கலைஞர். விளையாட்டில் சங்கங்களின் பெயரிலேயே அமெச்சூர் என்று தமிழ் எழுத்தில் எழுதி வருகிறார்கள். அது பதிவான பெயர், அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடன் சொல்லாக அமெச்சூர் என்றே எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை. தவறான தமிழைவிட நேர்மையான கடன் மேல்.

குழுவின் பொறுப்பாளருக்கு முகப்பு வரியை ‘ஆர்வக் கவிஞர்கள் தங்கள் படைப்புகளை இங்கே பகிரலாம்’ என்று மாற்றும்படி எழுதியிருக்கிறேன். ‘உறுப்பினர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் வந்திருக்கிறது. முதல் வெண்பாக்காரர் நேற்றிரவு இரண்டாவதை இட்டார். இந்த முறை கேள்வி ஈற்றுச் சீரில். வெண்பாவின் கடைசிச் சீர் நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும்: அது நாளா, மலரா, காசா, பிறப்பா என்று நான்கு பேர் அலகிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.