பிராந்தி இருந்தது பீப்பாயில், பாட்டிலில் இல்லை

எடின்பரோவில் விஸ்கிக் கடையில் வேலை. இந்த வாரம் இதே கேள்வியோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர். ஒரு ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘பிராந்தி காஸ்க் ஃபினிஷ்’ என்ற வரியில் கட்டைவிரலை வைத்தார்.

“இதுல பாதி பிராந்திதானே தம்பி? அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. வெந்நீர்ல ரெண்டு மூடி கலந்து குடுத்தா கேக்கும்ல?”

கேக்காது அண்ணே.

பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. பிராந்தியை ஊற்றிக் கலந்தால் அதை ஸ்காட்ச் விஸ்கி என்றே விற்க முடியாது. பிரிட்டனின் 2009 ஸ்காட்ச் விஸ்கிச் சட்டப்படி தண்ணீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. (அடர்ந்த நிறம் பிராந்தியால் வந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கேரமலைக் கவனிக்கவும்.) குறைந்தது மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கியை, பிரான்ஸின் கோன்யாக் பிராந்தியோ ஸ்பெயினின் ஹெரெஸ் பிராந்தியோ இருந்து காலியான பீப்பாய்க்கு மாற்றிச் சில மாதம், சில சமயம் ஓரிரு ஆண்டு வைப்பார்கள். அவ்வளவுதான் ஃபினிஷ். ஊறுகாய் ஜாடியில் வேறு பண்டத்தைப் போட்டு வைத்தால் வாசம் ஏறுமே, அப்படி. மரம் குடித்திருந்தது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. உலர்திராட்சை வாசம் அப்படி வருவதுதான். அதற்காக அது பிராந்தி ஆகிவிடாது.

எந்தப் பீப்பாயும் ஆகும் என்றும் இல்லை. 2019இல் விதியைத் தளர்த்தியபோதுகூட செர்ரி, பிளம் மாதிரி கொட்டைப் பழச் சாராயம் இருந்த பீப்பாயை விலக்கியே வைத்தார்கள்.

சரி, நிஜப் பிராந்தியே என்றாலும் சளிக்கு என்ன செய்யும்? சூடு ஏறுவது போலிருக்கும். தோல்வழியே உடம்புச் சூடு வெளியேறுவதுதான் நடக்கும். சளி மருந்தோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும். நான் பாட்டில் விற்பவன். அப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைக்குப் பிராந்திச் சொட்டு விடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம்.

இனிப்பாக இருக்கிறது, அதனால் ‘மைல்டு’ என்பது இன்னொரு கூத்து. லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் படியுங்கள். 46 சதவீதம், 700 மில்லி என்றால் 32 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதே என்கிறார்கள்.

வாடகைக் காரில் வடிசாலை வடிசாலையாகச் சுற்றுகிறவர்களுக்கு: குடித்துவிட்டு ஓட்டுவதில் இங்கிலாந்துக் கணக்கு இங்கே செல்லாது. அங்கே 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50தான். கையில் கார் சாவி இருந்தால் நான் ருசி பார்க்க ஊற்றுவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், சின்னக் குப்பியில் அடைத்துத் தருகிறேன். ராத்திரி ரூமுக்குப் போய்க் குடியுங்கள்.