தங்கூசி அறுவதற்கு முன் உருளை வழுக்க வேண்டும்

தரம் 10 இல் படிக்கும் மகன் தூண்டில் கேட்கிறான், அதிகம் செலவழிக்காமல் எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தடிக்குக் குறைவாகவும் றீலுக்குக் கூடுதலாகவும் பணத்தை ஒதுக்குங்கள் என்பதே என் பதில்.

ஏழு அடிக் கண்ணாடியிழைத் தடி போதும். காபன் தடியைவிடப் பாரம் என்றாலும் விலை குறைவு, கல்லில் அடிபட்டாலும் எளிதில் முறியாது. தங்கூசி, அதாவது தூண்டில் நூல், 0.30 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண நைலோனாக இருக்கட்டும். நைலோன் இழுபட்டு நீளும் என்பதால், மீனின் திடீர் உதறலில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

இனி றீல். நான் சொல்வது ஸ்பின்னிங் றீலை. நூலைச் சுற்றும்போது, நூல் சேரும் இதன் உருளை சுழல்வதில்லை. அதைச் சுற்றி வரும் கம்பிதான் நூலைச் சுற்றுகிறது. ஆனால் பெரிய பாரை ஒன்று கடலை நோக்கிப் பாய்ந்தால், நூல் அறுவதற்கு முன் அந்த உருளை வழுக்கிச் சுழன்று நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் டிராக்: உருளைக்குள் அடுக்கிய வட்டத் தகடுகளையும் அவற்றை நெருக்கும் ஒரு திருகையும் தவிர அதில் வேறொன்றுமில்லை. திருகை இறுக்க இறுக்கத் தகடுகளுக்கிடையே உராய்வு கூடி, உருளையை வழுக்கச் செய்யத் தேவையான இழுவையும் கூடுகிறது.

பாடசாலையில் படித்த உராய்வும் விசையின் திருப்பமும் இங்கே ஒன்றாக வேலை செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம். தகடுகள் தரும் திருப்பம் ஏறத்தாழ மாறாதது. மீன் நூலை இழுத்துச் செல்லச் செல்ல, உருளையில் எஞ்சிய நூற்சுற்றின் ஆரை குறைகிறது. ஆகவே அதே திருப்பத்தை வெல்ல நூலில் கூடிய இழுவிசை வேண்டும். ஆரை 24 மில்லிமீற்றரிலிருந்து 16 ஆகக் குறைந்தால், 2 கிலோகிராமுக்கு வைத்த டிராக், நீங்கள் திருகைத் தொடாமலே 3 கிலோகிராமுக்கு ஏறிவிடும். நீரில் ஊறிய நைலோனின் வலிமையும் முடிச்சுப் போட்ட இடத்தின் வலிமையும் வேறு குறைகின்றன. அதனால்தான் 6 கிலோகிராம் தாங்கும் தங்கூசிக்கு 2 கிலோகிராமுக்கு மேல் டிராக் வைக்கக் கூடாது.

மலிவான றீலின் குறையும் உராய்விலேயே இருக்கிறது. ஓய்விலிருக்கும் தகட்டை அசைக்கத் தேவையான எல்லை உராய்வு, அது அசைந்த பின் உள்ள உராய்வைவிடக் கூடியது. இந்த வேறுபாடு பெரிதாக இருந்தால் உருளை நின்று நின்று வெட்டி வெட்டிச் சுழலும். ஒவ்வொரு வெட்டிலும் நூலில் விசை திடீரென ஏறும். கடையிலேயே நூல் நுனியில் ஒரு விற்றராசைக் கட்டி மெதுவாகச் சீராக இழுத்துப் பாருங்கள். காட்டி துள்ளாமல் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால் அந்த றீலை நம்பி வாங்கலாம். துள்ளினால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மரக்குற்றியை மேசையில் இழுத்துக் காட்டும் ஆசிரியர்கள் இந்தச் சோதனையையும் வகுப்பில் செய்து காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

டச்சுக் குடாவிலிருந்து வீடு திரும்பியதும், திருகை இறுக்கிவிட்டு றீலை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். இறுக்கியிருந்தால் உப்புநீர் தகடுகளுக்குள் புகுவது குறையும். உலர்ந்த பின் திருகை நன்றாகத் தளர்த்தி வைக்க வேண்டும், ஏனெனில் மலிவான றீல்களில் உள்ள மென்மையான தகடுகள் நாட்கணக்கில் நெருக்குண்டு கிடந்தால் தட்டையாகி, அடுத்த முறை வெட்டி இழுக்கும்.