பச்சை ஓக்கில் நின்ற வீடு

இங்கிலாந்தின் கென்ட், சஸெக்ஸ் மாவட்டங்களில் இன்றும் ஆள் குடியிருக்கும் சில மரச்சட்ட வீடுகளுக்கு வயது 500, 600. தூண் முறுக்கிக்கொண்டிருக்கும், உத்தரம் நடுவில் தொய்ந்திருக்கும், வாசல் நிலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். பார்த்தால் கட்டியவர்களின் கைவேலை மேல் சந்தேகம்கூட வரும். ஆனால் அந்தக் கோணல் தச்சர்கள் எதிர்பார்த்ததுதான்.

அவர்கள் பச்சை ஓக் மரத்தில் கட்டினார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கஷ்டம். பருமனான சட்டம் உள்வரை காயப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் வெட்டிய கொஞ்ச நாளிலேயே, ஈரம் இருக்கும்போதே இழைத்து நிறுத்திவிடுவார்கள். வீடாக நின்ற பிறகுதான் மரம் காயும். அப்போது அகலவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது, சில சமயம் முறுக்கவும் செய்யும். சரி, மூட்டுகள் கழன்றுவிடாதா?

ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, இன்னொரு சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் செருகுவார்கள். இரண்டையும் குறுக்கே ஊடுருவி மர ஆணி அடிக்க வேண்டும். அதற்கான துளைகளை நேருக்கு நேர் போடமாட்டார்கள். நாக்கில் உள்ள துளை அதன் அடிப்பக்கமாகச் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். ஆணி இறங்க இறங்க நாக்கை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். ஆணியும் ஓக்தான், ஆனால் அறுத்ததல்ல, நார் போன வாக்கில் பிளந்தது. அதனால் முறியாமல் லேசாக வளைந்து, வில்போல இழுத்தபடியே இருக்கும். மரம் பின்னால் சுருங்கினாலும் அந்த இழுவிசை மிச்சமிருக்கும். எனக்கு இந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இந்தச் சின்ன விலகல்தான். இரும்பு ஆணியால் இந்த வேலை ஆகாது. பச்சை ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை அரித்துவிடும்.

பாரம் முழுக்கச் சட்டத்தின் மேல். சுவர் வெறும் அடைப்புதான்: செங்குத்தான ஓக் குச்சிகளுக்கிடையே ஹேசல் என்ற புதர்மரத்தின் கொம்புகளை முடைந்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசியது. சட்டம் அசைந்து பூச்சு வெடித்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சட்டங்களைத் தச்சுப்பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோம எண்களைக் கீறிவிடுவார்கள். பிறகு பிரித்து, மனைக்குக் கொண்டுபோய் எண்ணைப் பார்த்துப் பூட்டுவார்கள். பூட்டியதைத் திரும்பப் பிரிக்கவும் முடியும். கென்ட்டில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பேலீஃப் பண்ணை வீடு இருந்த இடத்தில் நீர்த்தேக்கம் வரப்போகிறது என்றதும், 1968-69இல் அதைச் சட்டம் சட்டமாகக் கழற்றினார்கள். இப்போது அது சஸெக்ஸின் சிங்கிள்டன் கிராமத்தில், திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பச்சை மரத்தில் கட்டியதால் ஆராய்ச்சியாளருக்கும் ஒரு லாபம். சட்டத்தில் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் தப்பியிருந்தால், ஆண்டு வளையங்களை ஒப்பிட்டு மரம் வெட்டிய ஆண்டைச் சொல்லிவிடலாம். வீடு கட்டியதும் ஏறக்குறைய அதே காலம்தான்.

பேலீஃப் போன்ற வீடுகளை வீல்டன் வீடு என்பார்கள். நடுவில் கூரைவரை திறந்த கூடம், இரு முனையிலும் மாடி அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. மாடி அறைகள் முன்னால் நீட்டியிருக்க, கூடம் உள்வாங்கி நிற்கும். அடுப்பு கூடத்தின் தரையிலேயே எரியும். புகைபோக்கி கிடையாது. புகை மேலே போய், கூரை இடுக்கு வழியாகவும் கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகவும் வெளியேறும். 16ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி பரவியதும், பல வீடுகளில் கூடத்துக்கு நடுவே ஒரு தளம் போட்டு மேலே அறை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் முகப்பில் செங்கல் வந்தது, ஓடு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கூடத்தின் சுவடே தெரியாது. பரணில் ஏறி விளக்கைத் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும்: கைமரமெல்லாம் கரி.